தவளையை வயலிலேயே விடுவோம்

திரியாய் உறவுகளே,

என் மாணவன் ஒருவன் பழைய முட்டை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, தவிடு போட்டு, சுவர்க்கோழிப் பூச்சி வளர்க்கிறான். கோழி, பறவை, மீன் வளர்ப்பவர்களுக்கு விற்கலாம். சிறு முதலில் நல்ல தொழில், ஆதரியுங்கள்.

"சேர், தவளையும் ஆமையும் பிடிச்சு வளர்க்கட்டா?" என்றும் கேட்டான். வேண்டாம் என்றேன். நட்சத்திர ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது; பிடித்தால் வழக்கு. தவளை வயல் பூச்சியைத் தின்று நமக்கு உழைக்கிறது. தவளைக்கால் ஏற்றுமதி செய்த இந்தியா, தவளை குறைந்து பூச்சி பெருகும் கவலையில் 1987இல் அதைத் தடை செய்தது. நபி (ஸல்) அவர்களும் தவளையைக் கொல்வதைத் தடுத்தார்கள்.

பிள்ளைகளின் ஆசையை அதட்டாதீர்கள். மாரி மழை விழுந்ததும் வரம்புக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கிருமிநாசினியையும் குறையுங்கள்; தவளை அதிலும் சாகிறது.