கல்லாவும் அவரே, கணக்கும் அவரே

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமை சந்தையில் ஆட்டை விற்கிறவர் என்ன விலை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் "ஆடு நல்ல ஆடு" என்று அவரே சர்டிஃபிகேட் கொடுத்தால் எவன் நம்புவான்? வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், தூக்கிப் பார்ப்பான். படிக்காதவனுக்கும் தெரிந்த இந்த நியாயம் டெல்லியில் நிலக்கரி விஷயத்தில் மட்டும் செல்லாது போலிருக்கிறது.

மேலப்பாளையத்துக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 50 கிலோமீட்டர் தள்ளி, தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் எரிவது ஒடிசாவிலிருந்து கப்பலில் வருகிற கரி. ராத்திரி பீடி சுற்றுகிற பெண்களின் தலைக்கு மேல் எரிகிற பல்பில் அதற்கும் பங்கு உண்டு. 2012 மின்வெட்டை அனுபவித்த யாரும் நாளைக்கே சுரங்கத்தை மூடு என்று சொல்ல மாட்டார்கள். தோண்டட்டும், புது மெஷினும் வாங்கட்டும். கேள்வி வேறு. தோண்டுவதை மேற்பார்வை பார்ப்பது யார்?

கோல் இந்தியாவில் 60 சதவீதத்துக்கும் மேல், நெய்வேலி என்.எல்.சி.யில் 70 சதவீதத்துக்கும் மேல் பங்கு மத்திய அரசிடம். டிவிடெண்ட் போவதும் அங்கேதான். இத்தனை டன் எடு என்று டார்கெட் வைப்பது நிலக்கரி அமைச்சகம். கரியின் தரம், உற்பத்திப் புள்ளிவிவரம் எல்லாம் பார்ப்பவர் நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர். அவர் யாருக்குக் கீழே? அதே அமைச்சகத்துக்குக் கீழே! கம்பெனியின் ஊழியர் அந்தக் கம்பெனிக்கே ஆடிட்டராக இருக்கக் கூடாது என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். பி.காம் மாணவன் பரீட்சையில் இதை மாற்றி எழுதினால் மார்க் போகும். அரசாங்கம் செய்தால் அதற்குப் பெயர் நிர்வாகம்.

இதன் விளைவு என்ன? 2024-25இல் உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. கொண்டாடினார்கள். டன்னை எண்ணத் தெரிந்தவர்களுக்கு நெல்லை எண்ணத் தெரியவில்லை. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் என்.எல்.சி. வாய்க்கால் வெட்டியது. விளைந்து நின்ற பயிர் மேலேயே மெஷின் ஏறியது. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்றார்கள். அறுவடை வரை பொறுக்க முடியாதா என்ற கேள்வி ஹைகோர்ட்டில்தான் எழுந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதும் கோர்ட்தான், அமைச்சகம் அல்ல.

அதே ஆண்டு மார்ச்சில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று டெல்டா பக்கத்து மூன்று இடங்களை ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். மாநிலத்தைக் கேட்கவே இல்லை என்று முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் எடுத்தார்கள். டன் கணக்கு மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அங்கே வயல் இருப்பது தெரியவில்லை.

"கண்காணிப்பு அதிகமானால் உற்பத்தி படுத்துவிடும்" என்பார்கள். சுரங்கப் பாதுகாப்பைப் பார்க்கும் இயக்குநரகம் நிலக்கரி அமைச்சகத்தில் இல்லை, தொழிலாளர் அமைச்சகத்தில் இருக்கிறது. அதனால் உற்பத்தி நின்றா போனது? வெளி ஆள் வந்து பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2012 சாட்சி. சி.ஏ.ஜி. தன் அறிக்கையில் 1.86 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னது. 2014இல் சுப்ரீம் கோர்ட் 214 சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. அத்தனை வருடமும் மேற்பார்வை பார்த்த அமைச்சகத்துக்கு அது கண்ணில் படவில்லையா? படாது சார், ஒதுக்கியதே அவர்கள்தானே!

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டுப்பாட்டாளரை அமைச்சகத்திலிருந்து பிரித்து, பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வையுங்கள். எத்தனை டன் என்பதோடு எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், எவ்வளவு பாக்கி என்பதையும் வருடாவருடம் அச்சில் போடுங்கள்.

சந்தையில் பல்லைப் பார்க்க விடாதவனிடம் யாரும் ஆடு வாங்குவதில்லை. நாம் மட்டும் ஏன் பார்க்காமலே வாங்க வேண்டும்?