ஓ.பி. சீட்டில் நேரத்தையும் ஊரையும் எழுதச் சொல்லுங்கள்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

கிராம சுகாதார செவிலியராக இந்த மாவட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தின் இயக்குநர் பொறுப்பும் உங்களிடமே இருப்பதால் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

பருவநிலை மாற்றம் பற்றிக் கேள்வி கேட்கும் பிள்ளைகளிடம், "முதலில் பரீட்சைக்குப் படி" என்கிறோம். ஆனால் கடலூர் இளைஞர்களுக்கு இது புத்தகத்துச் செய்தி அல்ல. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது அவர்கள் குழந்தைகள். 2015 வெள்ளத்தையும், 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரைபுரண்டதையும் அவர்கள் நேரில் பார்த்தார்கள்.

சுற்றுச்சூழலுக்கான போராட்டம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 2004-இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சோனஞ்சாவடி போன்ற ஊர்க்காரர்கள், இளைஞர்களோடு சேர்ந்து, காற்றைத் தாங்களே கண்காணிக்கத் தொடங்கினார்கள். என்ன நாற்றம், எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசையிலிருந்து, கண் எரிந்ததா, தொண்டை கமறியதா என்று நோட்டில் குறித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியில் காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 வேதிப்பொருட்கள் தெரிந்தன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி செய்த ஆய்வும், அந்தப் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் அபாயம் ஏற்கத்தக்க அளவைவிடப் பல மடங்கு அதிகம் என்றே சொன்னது. படித்த நிபுணர்களுக்கு முன்னால் அதைக் கண்டவர்கள் ஊர்க்காரர்கள். இன்றும் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

அந்த நோட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது மருத்துவரின் கையெழுத்து. அதுதான் இல்லை. நாற்றம் இரவில் வரும். அதிகாரி வருவது காலையில். அதற்குள் காற்று மாறியிருக்கும், புகார் வெறும் புகாராக நிற்கும். அதே இரவில் மூச்சுத் திணறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த குழந்தையின் சீட்டில் "இருமல், சளி" என்று மட்டும் எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பினால், நடந்ததற்குச் சாட்சியே இல்லாமல் போகிறது. 2025 மே மாதம் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்துச் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு ஊரின் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அந்த மாதிரி நாளில் எல்லாரும் ஓடி வருகிறோம். தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் போவதை யார் எழுதுவது?

வெயிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களை 2017 முதல் 2022 வரை தொடர்ந்த சென்னை ஆய்வாளர்கள், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்று கண்டார்கள். முந்திரிக் கொட்டை பொறுக்கும் சித்திரை வெயிலில் எத்தனை கர்ப்பிணிகள் குனிந்து நிற்கிறார்கள் என்பது செவிலியர்களுக்குத் தெரியும். ஹீமோகுளோபினும் எடையும் எழுதுகிறோம். எந்த வேலை, எத்தனை மணி நேரம் வெயில் என்று எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

2021 செப்டம்பரில் உலகின் 200-க்கும் மேற்பட்ட மருத்துவ இதழ்கள் புவி வெப்பத்தைப் பற்றி ஒரே தலையங்கத்தைச் சேர்ந்து வெளியிட்டன. மருத்துவர் சொன்னால் ஊர் கேட்கும். பதினேழு வயதுப் பெண் அதையே சொன்னால் வாயாடி என்கிறோம். ஆனால் அரசு மருத்துவரும் செவிலியரும் தாமாக வெளியே பேச நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பயத்தோடுதான் நானும் பணிக்காலத்தைக் கழித்தேன். அதனால்தான் உங்கள் எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும்.

சிப்காட்டைச் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களில் மூச்சு, கண், தோல் பிரச்சினையோடு வருவோரின் ஓ.பி. சீட்டில் நேரம், ஊர், நாற்றம் மூன்றையும் குறிக்கச் சொல்லுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு, மாதம் ஒருமுறை அந்தக் கணக்கைத் தமிழில் வெளியிடுங்கள். சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் பயிற்சி மருத்துவர்களைப் பங்குனி முதல் ஆனி வரை ஊர் இளைஞர்களோடு சேர்த்து அனுப்புங்கள்; வெயில் நோய்களை இரு தரப்பும் சேர்ந்தே பதிவு செய்யட்டும். இவை பற்றி மனு கொடுக்க வரும் மாணவர்களின் வீட்டுக்குப் போலீஸ் போய் விசாரிக்க வேண்டாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

காலநிலை இயக்கத்தின் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் குடிகாட்டிலிருந்து ஓர் இளைஞரையும் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரையும் அழையுங்கள். பார்வையாளர்களாக அல்ல, உறுப்பினர்களாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கடலூர் மாவட்டம்