கந்தளாய் கராச்சில் ஒரு வொல்வோ: வரி வாங்கும் அரசு, பூட்டிய மென்பொருள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது சில மாதங்களில் சரியாகிவிடும் என்றே பலர் நினைத்தார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடையில் கொரோனா வந்தது, நாடு வங்குரோத்தானது, பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் செத்தார்கள், கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கினோம். அந்த ஐந்து வருடமும் வீதியில் ஓடியவை பெரும்பாலும் ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த வாகனங்கள். அவற்றை ஓட வைத்தவர்கள் யார்? டொலர், வரி, வாகன விலை என்று நடந்த விவாதங்களில் இந்தக் கேள்வி என் காதில் விழவேயில்லை.

கந்தளாயில் ஏ6 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு கராச் இருக்கிறது. தகரக் கூரை, வாகனத்துக்கு அடியில் இறங்கி வேலை செய்ய ஒரு குழி, சுவர் முழுக்கத் தொங்கும் சாவிகள். அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரங்களும் மற்ற நாட்களில் முச்சக்கர வண்டிகளும்தான் இங்கே வரும். நான் போன நாளில் குழிக்கு மேலே நின்றது ஒரு வொல்வோ 240. பெட்டி போன்ற அந்தப் பழைய சுவீடன் கார். ஓய்வுபெற்ற ஒருவருடையது. விற்க மனமில்லை, விற்றாலும் அந்தக் காசுக்கு இன்றைக்கு வேறொன்று வாங்க முடியாது என்றார்.

கராச் நடத்தும் நானாவுக்குத் தொழில் பழக்கியவர் கந்தளாய் சீனித் தொழிற்சாலை வேர்க்‌ஷொப்பில் வேலை செய்தவராம். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அங்கிருந்து வந்த கைப்பழக்கம் மட்டும் ஊருக்குள் இன்னும் இருக்கிறது.

"இதுல பெல்ட் அறுந்தாலும் எஞ்சின் சாகாது தம்பி. வண்டி நிக்கும், அவ்வளவுதான். புதுசு போட்டா ஓடும்" என்றார் நானா. அவர் சொன்னது சரிதான். பல நவீன எஞ்சின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் அடித்து எஞ்சினே போய்விடும். 240இல் வரும் சிவப்பு நிற வார்ப்பிரும்பு எஞ்சினில் இரண்டும் முட்டாதபடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஒயில் நாலு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். எஞ்சினுக்குள் உண்டாகும் ஆவி வெளியேறும் வழியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வடி இருக்கிறது. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி சீல்கள் வழியே ஒயில் பீறும். விசயம் தெரியாதவர் சீலை மாற்றிக்கொண்டே இருப்பார். தெரிந்தவர் முதலில் அந்த வடியைக் கழற்றிக் கழுவுவார். எண்பதுகளின் நடுப்பகுதி வரை வந்த வண்டிகளில் எஞ்சின் பக்கத்து வயர்களின் மேலுறை சூட்டில் உதிர்ந்துபோவது பெயர்போன கோளாறு. கந்தளாய் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். நானா வயர்த்தொகுதி முழுவதையும் கையாலேயே புதிதாகக் கட்டியிருந்தார். கிடைக்காத சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அங்கேயும் இல்லையென்றால் கடைசல் பட்டறை.

1974 முதல் 1993 வரை 28 இலட்சத்துக்கும் அதிகமான 240 வரிசைக் கார்களை வொல்வோ தயாரித்தது. பின்னாளில் பெற்றோல் கார்கள் எல்லாவற்றுக்கும் வந்த ஒட்சிசன் உணரியும் மூவழி வினையூக்கியும் சேர்ந்த புகைக் கட்டுப்பாடு முதலில் வந்தது இந்த வரிசையில்தான், 1976இல். இதே நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல் வடிவமைத்த மூன்று புள்ளி ஆசனப்பட்டியின் காப்புரிமையை வொல்வோ மற்ற எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. இலங்கையில் 2011இல் முன் ஆசனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பட்டி அதுதான்.

காப்புரிமையைத் திறந்துவிட்ட அதே நிறுவனத்தின் புதிய கார் ஒன்று இந்தக் கராச்சுக்கு வந்தால் என்ன நடக்கும்? பின்சக்கர பிரேக் பேட் மாற்றுவது சாதாரண வேலை. ஆனால் மின்சாரக் கைபிரேக் உள்ள மொடல்களில் முதலில் அதன் மோட்டாரைக் கணினி வழியாகப் பின்னிழுக்க வேண்டும். ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் புதியதைப் பூட்டுவதோடு வேலை முடியாது. நிறுவனத்தின் வழங்கியிலிருந்து மென்பொருளைக் காசு கொடுத்து இறக்கினால்தான் அது உயிர் பெறும். நானாவிடம் இருக்கும் மலிவு விலை ஸ்கேனர் கோளாறின் எண்ணைக் காட்டும், அதற்கு மேல் எதற்கும் அனுமதி இல்லை. உரிமையாளர் இருநூறு கிலோமீற்றருக்கு அதிகமாகப் பயணித்துக் கொழும்புக்குத்தான் போக வேண்டும்.

வொல்வோவை மட்டும் குறைசொல்ல இதை எழுதவில்லை. கந்தளாயில் வொல்வோ எத்தனை இருந்துவிடப் போகிறது? 2010 முதல் வொல்வோ கார் நிறுவனம் சீனாவின் ஜீலியின் கையில் இருக்கிறது. இப்போது துறைமுகத்தில் வந்திறங்கும் ஜப்பானிய ஹைபிரிட், சீன மின்சாரக் கார் எல்லாவற்றிலும் இதே பூட்டுத்தான். பழைய கார்களை அரசு உள்ளே விடுவதில்லை என்பதால் வருவதெல்லாம் மென்பொருள் நிறைந்த புதியவை.

அந்தப் பூட்டு அரசையே ஒருமுறை தடுமாற வைத்தது. 2025 நடுப்பகுதியில் சுங்கத் திணைக்களம் பி.வை.டி. மின்சாரக் கார்களைத் தடுத்து வைத்தது நினைவிருக்கும். மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட் கணக்கில் வரி. இறக்குமதியாளர் 100 கிலோவாட் என்றார். 150 கிலோவாட் மோட்டாரை மென்பொருளால் 100ஆகக் குறைத்திருக்கிறதோ என்று சுங்கத்துக்குச் சந்தேகம். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. யார் சரி என்பதை விடுங்கள். பானட்டைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியாத கேள்வியாக அது இருந்தது. தன் வரி வருமானம் தொடர்பானபோது மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த அரசு, அதே கேள்வியை வாகனம் வாங்கியவருக்காகக் கேட்கவில்லை.

வேறு நாடுகள் கேட்டிருக்கின்றன. 2020 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/858 இலக்க ஒழுங்குவிதியின்படி, கோளாறறியும் வசதியையும் திருத்தத் தேவையான தகவல்களையும் நிறுவனங்கள் சுயாதீன கராச்களுக்கும் கொடுத்தாக வேண்டும். நியாயமான கட்டணம் வாங்கலாம், மறுக்க முடியாது. சுவீடனும் இதற்குள் அடங்கும். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலம் 2012இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. இந்தியா 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்து அதில் வாகனங்களையும் சேர்த்தது. அது வெறும் தொடக்கம்தான். இந்தியச் சந்தையின் அளவுக்கு இருக்கும் பேரம் பேசும் வலு நமக்கு இல்லை என்பதும் உண்மை.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்பதும் என் வாதம் அல்ல. மின்சாரக் காரின் உயர் அழுத்த வயரில் தெரியாமல் கை வைத்தால் உயிர் போகும். திருட்டுத் தடுப்பு மென்பொருள் யார் கைக்கும் போகக் கூடாது என்று நிறுவனங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு வழி பயிற்சியும் பதிவும்தான். மொரட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் முறை இருக்கிறது. ஆனால் கராச்சைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் மொரட்டுவையில் போய்த் தங்க நானாவால் முடியாது. திருகோணமலையிலேயே மாலை நேரத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறுகிய கால மின்சார வாகன வகுப்பு நடத்துவது முடியாத காரியமா?

இறக்குமதி அனுமதியில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: ஒரு மொடலைக் கொண்டுவரும் முகவர், அதன் திருத்தல் கையேட்டையும் கோளாறறியும் மென்பொருளையும் சான்றிதழ் பெற்ற எந்தக் கராச்சுக்கும் நிர்ணயித்த கட்டணத்தில் பத்து வருடங்களுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி தேவையில்லை. அடுத்த டொலர் நெருக்கடியில் இறக்குமதி மறுபடியும் நின்றால், இன்று வந்திறங்கும் இந்த வாகனங்களைத்தான் கந்தளாய், மூதூர், கிண்ணியா கராச்கள் ஓட வைக்க வேண்டியிருக்கும்.