தையல் ஆறிய பிறகும் தொடரும் சிகிச்சை

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தார் தவறாமல் கேட்பது ஒன்றுண்டு: “எல்லாம் சரியாகிவிட்டதல்லவா, டாக்டர்? இனி மாத்திரை தேவையில்லையே?” சீரற்ற இதயத்துடிப்புக்காக அறுவை செய்துகொண்டோருக்கு அன்றே ‘ஆம்’ என்று விடை கூறிவிடுவது தவறு என்பது என் கருத்து.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவதையே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறோம். 1987-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் ஜேம்ஸ் காக்ஸ் இதற்கென ‘மேஸ்’ என்னும் அறுவையைச் செய்தார். மேலறைச் சுவரில் தழும்புக் கோடுகளை உண்டாக்கி, தாறுமாறாக ஓடும் மின்னலைகளை மறித்து, உரிய வழியில் செலுத்துவதே இதன் உத்தி. அன்று கத்தியால் இட்ட கோடுகளை இன்று பெரும்பாலும் ரேடியோ அலை வெப்பத்தாலும் கடுங்குளிராலும் இடுகின்றனர். நம் நாட்டில் பலருக்கு, வாதக்காய்ச்சலால் பழுதுற்ற மைட்ரல் வால்வுக்கான அறுவையோடு இதுவும் சேர்த்துச் செய்யப்படுகிறது.

இதன் பலன் உண்மையானது. ஆயினும் அது ஒரே நாளில் முடிவாகிவிடுவதில்லை. முதல் மூன்று மாதங்களில் படபடப்பு மீண்டும் தோன்றினால் அதைத் தோல்வி எனக் கொள்ளலாகாது. தழும்புகள் ஆறும் காலம் அது. அதே நகரின் மருத்துவர்கள் 800-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், துடிப்பு ஒழுங்காக இருந்தோர் ஓராண்டில் 92 விழுக்காடு, ஐந்தாண்டில் 84, பத்தாண்டில் 77. நான்கில் மூவருக்குப் பத்தாண்டு நலம் என்பது பெரும் ஆறுதல். ஆனால் நான்காமவரை நாம் மறந்துவிடக் கூடாது. மேலறை மிகவும் விரிந்தவர்களுக்கும், நோய் நெடுங்காலம் நீடித்தவர்களுக்கும் அது திரும்பும் வாய்ப்பு மிகுதி. அவ்வாறு திரும்பும் நோய் சிலரிடம் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. ஆகவே, ‘நன்றாக இருக்கிறேன்’ என்னும் உணர்வை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது.

இடது மேலறையின் சிறு பையில் இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். அறுவையின்போதே அப்பையை மூடுவதன் பயனை 2021-இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. பக்கவாதமும் பிற இரத்தக்குழாய் அடைப்பும் ஏறத்தாழ நான்காண்டுகளில் 7 விழுக்காட்டிலிருந்து 4.8 ஆகக் குறைந்தன. ஆனால் அந்நோயாளிகளுள் பெரும்பாலோர் உறைவுத் தடுப்பு மாத்திரையையும் தொடர்ந்தே வந்தனர். பையை மூடுவது மாத்திரைக்குத் துணையேயன்றி மாற்றன்று. உலோக வால்வு பொருத்தப்பட்டோருக்கோ வார்ஃபரின் போன்ற மருந்தும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் இன்றியமையாதவை.

எனவே வீடு திரும்புமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அடுத்த ஈ.சி.ஜி., ஹோல்டர் பரிசோதனைகள் எப்போது? எந்த மாத்திரையை எதுவரை உட்கொள்ள வேண்டும்? எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்? இவற்றுக்கான விடைகளை எழுத்தில் தருவது மருத்துவமனையின் கடமை. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதிருப்பது உங்கள் கடமை. இவ்விரண்டும் கூடினால்தான் அறுவையின் பயன் பத்தாம் ஆண்டிலும் நிலைக்கும்.