எச்சமும் முற்றும்: கறுப்புத் திரைக்காக ஒரு வழக்கு

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, மூத்த விமர்சகர் ஒருவர் என் பழைய மாணவனிடம் அவன் தொழிலை விசாரித்தார். தமிழ் இளங்கலை முடித்துப் பிறகு கணினி பயின்றவன். சென்னையில் இருந்தபடி வெளிநாட்டு வங்கி ஒன்றின் மெயின்பிரேம் நிரல்களைப் பராமரிக்கிறான். "கறுப்புத் திரையில் ஒற்றை எழுத்தைத் தட்டும் வேலைதானே? அதற்குத் தமிழ் படித்திருக்க வேண்டாமே" என்று சிரித்தார் விமர்சகர். மாணவன் தலைகுனிந்தான். என் வழக்கு அந்தச் சிரிப்பின் மீதுதான்.

அவன் அன்றாடம் புழங்குவது ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐ.எஸ்.பி.எஃப். என்னும் தொகுப்புக் கருவி. அதன் திரையில் ஒவ்வொரு வரிக்கும் இடப்புறம் ஆறு இலக்க எண் ஒன்று நிற்கும். அந்த எண்ணின் மீதே எழுதப்படுவது வரிக் கட்டளை. 'டி' வரியை நீக்கும். 'ஆர்' அதையே மறுபடி இடும். 'ஐ' புதுவரிக்கு இடம் திறக்கும். ஒரு பகுதி முழுவதும் போக வேண்டுமெனில் அதன் முதல் வரியிலும் கடைசி வரியிலும் 'டிடி' இட வேண்டும். 'எக்ஸ்' இட்டால் வரி அழியாது, மறைந்து நிற்கும்; எத்தனை வரிகள் மறைந்துள்ளன என்ற குறிப்பு மட்டும் அங்கே தெரியும்.

மெய்ப்புத் திருத்தியவர்களுக்கு இது அந்நியமா என்ன? பிரதிக்குள் புகுந்து குழப்பாமல் ஓரத்தில் குறியிடுவது நம் அச்சகங்கள் பேணிய ஒழுக்கம் அல்லவா?

இன்னும் கேளுங்கள். 'சி' என்றால் படியெடு. எங்கே வைப்பது? வேறொரு வரியில் 'ஏ' இட்டால் அதன் பின்னால். 'பி' இட்டால் முன்னால். இடம் சொல்லாமல் என்டர் விசையைத் தட்டினால் கருவி சினப்பதில்லை. படியெடுத்தல் நிலுவையில் உள்ளது என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்கும். இடையில் ஆயிரம் வரிகளைக் கடந்து சென்றும் முடிக்கலாம். முடிக்கும் சொல்லை நோக்கி நிற்பதைத்தானே நாம் எச்சம் என்கிறோம்? இதற்கு மொழியறிவு வேண்டாமாம்!

பழங்காலத்துக் கருவி என்பது அடுத்த குற்றச்சாட்டு. உண்மைதான். இதற்கு அடிப்படையான 3270 வகை முனையம் 1971இல் வந்தது. வரிக்கு 80 எழுத்து என்னும் வழக்கம் துளை அட்டையின் எச்சம். ஆனால் அந்த முனையத்தின் அமைப்பில் ஒரு நிதானம் உண்டு. தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தாய்க்கணினிக்கு ஓடுவதில்லை. என்டர் போன்ற விசையைத் தட்டும்போதுதான் திரையில் மாற்றியவை ஒருசேரப் போகும். அதுவரை எழுதியதை மீண்டும் படிக்கலாம், திருத்தலாம்.

சுருக்கத்தில் ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். 'டி'யை அடுத்து 99 என்று எழுதினால் 99 வரிகள் போய்விடும். அதனால்தான் அங்கே ஓரெழுத்தையும் எண்ணி எழுதுகிறார்கள். நம் கட்டுரைகளில் எத்தனை வரிகள் அப்படி எழுதப்படுகின்றன?

நானும் குற்றவாளிதான். வினையெச்சத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரையறையாக எழுதிப் போட்டு, மாணவர்களை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அதை அவன் நாள்தோறும் கையாள்கிறான் என்பதை அன்று அந்தத் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி முடிக்கிறேன்.