பீரைக் கெடுக்கும் கடைசி அரை மணி நேரம்

முதலில் டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இது யாரையும் குடிக்கச் சொல்லி எழுதுவது இல்லை. நான் பி.காம் படிக்க வந்திருக்கும் மெல்போர்னில், சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சலாம். விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, ஊரில் யாரும் முயன்று மாட்டிக்கொள்ள வேண்டாம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்கள் வீட்டு மாடி அறை நண்பன் 20 லிட்டர் ஐபிஏ போட்டான். செலவில் பாதிக்கு மேல் ஹாப்ஸுக்கே போனது. அதில் என் பங்கும் உண்டு. நொதித்து முடிந்த அன்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல மஞ்சள் நிறம், மாம்பழ வாசனை. ஸ்டீல் கெக்கில் மாற்றி இரண்டு வாரம் கழித்து, அவன் வீடு காலி செய்கிற பிரிவு விருந்துக்குத் திறந்தால்... பழைய டீ டிகாஷன் கலர். நனைந்த அட்டைப்பெட்டி வாடை. வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு கோக் பாட்டிலைத் தேடினார்கள். மிச்சமெல்லாம் சிங்கில்.

அவன் ஹாப்ஸ் விற்ற கடைக்காரரைத் திட்டினான். குற்றவாளி அவரில்லை. மூடியைத் திறந்து வைத்து, மேலிருந்து குழாயைப் பிடித்து, சலசலவென்று கெக்கில் ஊற்றிய நான்தான்.

ஆக்சிஜன் விஷயத்தில் பீருக்கு இரண்டு முகம். ஈஸ்ட் போடும்போது ஆக்சிஜன் வேண்டும், அது பெருகுவதற்கு. நொதித்து முடிந்த பிறகு அதே ஆக்சிஜன் விஷம். ஹாப்ஸில் இருக்கும் பாலிபீனால்கள் கறுக்கும், வாசனை எண்ணெய்கள் வீணாகும். கருப்பு ஸ்டவுட் கொஞ்சம் தாங்கும். ஹாப்ஸ் நிறையப் போட்ட ஐபிஏ தாங்கவே தாங்காது.

"கெக்குக்குள் கொஞ்சம் கரியமில வாயு விட்டால் போதும், அது கனமானது, போர்வை மாதிரி பீர் மேல் படுத்துக்கொள்ளும்" என்று சொல்கிற ஆட்கள் நிறைய. சுத்தப் பொய். வாயுக்கள் கலந்துவிடும். கனமானதெல்லாம் கீழே படியும் என்றால் தரையில் பாய் போட்டுப் படுக்கிற நாமெல்லாம் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்போம்.

இன்னொரு கோஷ்டி, 30 பிஎஸ்ஐ வரை வாயு ஏற்றித் திறந்துவிடு, மறுபடி ஏற்று என்கிறது. இது பரவாயில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகும். 21 சதவீதம் 7 ஆகும், பிறகு 2.3, 0.8, 0.26, 0.09. பிளஸ் டூவில் படித்தோமே, தேய்மானத்தில் குறைந்து செல் மதிப்பு முறை, அதேதான். எத்தனை வருஷம் போனாலும் பூஜ்யம் வராது! 19 லிட்டர் கெக்குக்கு இப்படி ஐந்து தடவை செய்தால் சுமார் 350 கிராம் வாயு காலி. எங்களிடம் இருப்பதோ 2.6 கிலோ சிலிண்டர்.

அதற்குப் பதில், கெக்கில் சானிடைசர் கலந்த தண்ணீரை வால்வு வழியே நுரை வரும்வரை முழுசாக நிரப்பி, வாயுவால் அதை வெளியே தள்ளினால், காற்று இருக்க இடமே இல்லை. செலவு 45 கிராம் சொச்சம்.

இதைவிட மலிவான வழியும் இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். 5 சதவீத பீர் 20 லிட்டர் நொதிக்கும்போது முக்கால் கிலோ அளவுக்குக் கரியமில வாயு தானாகவே வருகிறது. கிட்டத்தட்ட 400 லிட்டர். ஏர்லாக்கில் குமிழி குமிழியாக வீணாகப் போகிறது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதை உபபொருள் என்போம். காசு கொடுத்து வாயு வாங்கிக்கொண்டு, வீட்டில் விளைவதை ஜன்னல் வழியே விடுகிறோம். அந்தக் குழாயைக் கெக்கின் அடிவரை போகும் வால்வில் மாட்டி, மேல் வால்விலிருந்து ஒரு குழாயைத் தண்ணீர் ஜாடிக்குள் விட்டால், ஒரு வாரத்தில் கெக் சுத்தம். குழாய் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், நுரை ஏறி அடைத்தால் மூடி பிய்த்துக்கொள்ளும். பீரைக் குளிர வைக்கும் முன் ஜாடியைக் கழற்றி வால்வை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

மாற்றும்போதும் அப்படித்தான். நொதிக்கும் பாத்திரத்தை மேசை மேல் வைத்து, அதன் குழாயிலிருந்து கெக்கின் அடிக்கு ஒரு இணைப்பு. கெக்கின் மேல் வால்விலிருந்து பாத்திரத்தின் மூடிக்கு இன்னொன்று. பீர் இறங்க இறங்க வாயு மேலே ஏறி அந்த இடத்தை நிரப்பும். வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. பிளாஸ்டிக் வாளியிலும் இது நடக்கும், அழுத்தம் ஏற்றவே வேண்டாம்.

இரண்டு முழம் குழாய், நாலு இணைப்பான். இதற்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் அடுத்த தடவை இன்னும் விலை உயர்ந்த ஹாப்ஸ் வாங்குகிறார்களே, அது எந்த ஊர் கணக்கு? "சீக்கிரம் குடித்துவிட்டால் பிரச்சினை இல்லை" என்பவர்களுக்கு: 20 லிட்டர் சாமி!

நண்பன் இப்போது இருப்பது இரண்டு தெரு தள்ளி. புதுசாக ஒன்று நொதிக்கிறது, ஜாடியில் குமிழி வருகிறது என்று நேற்று போன் செய்தான். கெக்கில் மாற்றும் அன்று வரச் சொல்லியிருக்கிறான், குழாயைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு.