சின்ன வீடு குற்றமா?

தலைப்பைப் பார்த்துவிட்டு வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தால் நான் பொறுப்பல்ல. இது நிஜமாகவே சின்னதான ஒரு வீட்டைப் பற்றிய கட்டுரை. அறுநூறு சதுர அடி மனையில், பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி, மாடியில் ஒரு குடித்தனத்தை ஒத்திக்கு விட்டு, வாசல் திண்ணையில் தொழிலும் பார்க்கிற வீடு. அந்த இன்னொரு சின்ன வீட்டையாவது ஊர் கண்டும் காணாமல் விட்டுவிடும். இந்தச் சின்ன வீட்டைக் கட்டட விதி விடாது.

ஒரு கணக்குப் போடுவோமா? பதினைந்தடி அகலம், நாற்பதடி நீளம். 600 சதுர அடி. ஒன்றரை சென்ட்கூட இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, இப்படிப்பட்ட மனைக்கு எஃப்.எஸ்.ஐ. 2 என்கிறது. மனையைப்போல இரண்டு மடங்கு, அதாவது 1,200 சதுர அடி கட்டிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் செட்பேக் வந்து நிற்கும். உதாரணத்துக்கு முன்னால் ஐந்தடி, பின்னால் மூன்றடி, ஒரு பக்கம் மட்டும் மூன்றடி விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பன்னிரண்டுக்கு முப்பத்திரண்டு. 384 சதுர அடி. அதில் படிக்கட்டுக்கு எவ்வளவு, மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வாருங்கள். மேலே மேலே கட்டலாமே என்பீர்கள். உயரத்துக்குத் தகுந்தபடி செட்பேக்கும் கூடும். ஆக, வலது கையால் கொடுத்த 1,200-ஐ இடது கை திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இதே விதி நாலு கிரவுண்டு வைத்திருப்பவரை ஒன்றும் செய்யாது. அவர் எப்படியும் தோட்டத்துக்கு இடம் விடப்போகிறார். விதி அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைத்தான் நாகல்நகர்க்காரருக்கும் மாட்டிவிடுகிறோம். அவருக்குப் பொருந்தவில்லை என்றதும், ‘விதிமீறல்’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறோம்.

திண்டுக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1866-லேயே நகராட்சி ஆன ஊர். 2014-ல் மாநகராட்சி ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 14 சதுர கிலோமீட்டரில் 2,07,327 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 ஆயிரம் பேர். இத்தனை பேரை இந்த ஊர் எப்படிச் சமாளித்தது? எந்த முழுமைத் திட்டமும் சமாளிக்கவில்லை. வளவு வீடுகள் சமாளித்தன. ஒரு வாசல், ஒரு கிணறு, உள்ளே ஆறேழு குடித்தனம். காம்பவுண்டு வீடுகள், லைன் வீடுகள், தறி போட்ட வீடுகள், சுருட்டு சுற்றிய திண்ணைகள், பூட்டுப் பட்டறையும் அடுப்படியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த வீடுகள். குறைந்த வாடகை, நடந்து போகிற தூரத்தில் வேலை. ‘கட்டுப்படியாகும் வீடு’ என்று இன்றைக்குக் கருத்தரங்கு நடத்துகிறோமே, அதை இந்த ஊர் கருத்தரங்கு இல்லாமலே செய்து வைத்திருந்தது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். அந்தப் பூட்டைச் செய்கிறவர் பட்டறையோடு சேர்த்து ஒரு வீடு கட்டப் பிளான் அப்ரூவல் கேட்டுப் பார்க்கட்டும். இது குடியிருப்பா, தொழிலா என்பார்கள். இரண்டும்தான் சார் என்றால், ‘அப்படி ஒரு கட்டத்தில் டிக் அடிக்க முடியாதே’ என்று பதில் வரும். குடியிருப்பு மண்டலத்தில் வீட்டுத் தொழிலுக்கு விதியில் கொஞ்சம் இடம் உண்டு. அதைப் படித்துக் காட்டி வாதாட அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆபீஸ் படியேறவும் முடியாது.

சரி, ஊருக்குள் கட்ட முடியாதவர்கள் எங்கே போவார்கள்? மதுரை ரோட்டிலும் பழனி ரோட்டிலும் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். வண்ண வண்ணக் கொடி, வெள்ளையடித்த கல். நேற்றுவரை நிலக்கடலையும் வெங்காயமும் விளைந்த செம்மண். இலவச வேன், மதியம் பிரியாணி, மாதத் தவணை. மனை வாங்கியாகிவிட்டது. அப்புறம்? தண்ணீர் லாரி, மண் ரோடு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பஸ் கிடையாது. சம்பளத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் போகிறது. தூரமும் ஒரு வாடகைதான். அதை வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல் பெட்ரோல் பங்கில் கொடுக்கிறோம், அவ்வளவுதான். நகரத்துக்கும் நஷ்டம், வயலுக்கும் நஷ்டம். குழாயை அவ்வளவு தூரம் இழுக்கும் செலவு நம் வரிப் பணத்தில்.

ஏழைகளைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வரிசையாகச் சாட்சி சொல்லும். வீடு கிடைத்தது, வேலையும் பள்ளிக்கூடமும் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டன. 2008-ல் வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் ஒரு நல்ல யோசனை இருந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் குடியிருப்பு கட்டுகிறவர், 10 சதவீத இடத்தில் 45 சதுர மீட்டருக்கு மேற்படாத வீடுகளைக் கட்ட வேண்டும். அந்த இடத்திலேயே, அல்லது 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள். இதில் எனக்குப் பிடித்தது அந்த 10 சதவீதம்கூட இல்லை, 2 கிலோமீட்டர்தான். ஏழையின் வீடு எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்த விதி அது.

‘விதின்னா விதிதான், எல்லாரும் மதிக்கணும்’ என்று சிலர் சொல்வார்கள். மதிக்கலாம். ஆனால் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். சென்னையில் 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதி மீறிக் கட்டியவற்றைப் பணம் வாங்கிக்கொண்டு வரைமுறைப்படுத்தச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது. அப்புறம் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு பிரிவு. தி.நகரின் பெரிய பெரிய கட்டடங்களை இடிக்க வேண்டி வந்தபோது 2007-ல் அவசரச் சட்டமே போட்டார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டதும், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரைமுறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. மன்னிப்புக்கு மேல் மன்னிப்பு! ஒரு விதியை ஊரே மீறுகிறது, அரசே மறுபடி மறுபடி மன்னிக்கிறது என்றால், ஊர் முழுக்கக் கெட்டுப்போய்விட்டதா, அல்லது விதி ஊருக்குப் பொருந்தவில்லையா? நீங்களே சொல்லுங்கள். இதில் இன்னொரு வேடிக்கை. மன்னிப்புக்கும் கட்டணம் உண்டு. அதைக் கட்ட முடிந்தவருக்கு வீடு சட்டப்படி வீடு. முடியாதவர் கடைசிவரை ‘ஆக்கிரமிப்பு’, ‘அனுமதியற்றது’ என்ற பெயரோடுதான் குடியிருக்க வேண்டும். பேங்க் லோன் கிடைக்காது. மழையில் சுவர் விழுந்தால் மறுபடி கட்டப் பயம்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திண்டுக்கல்காரரிடம் போய் அப்படிச் சொன்னால் அவரே அடிக்க வருவார். தோல் ஷாப்புகளின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அவருக்குத் தெரியும். 1996-ல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்ததே, அந்த மாவட்டப் பட்டியலில் திண்டுக்கல்லும் உண்டு. கிணற்றுக்குப் பக்கத்தில் தோல் பதனிடாதே என்று தடுப்பதுதான் மண்டல விதியின் உண்மையான வேலை. அதை வருஷக்கணக்கில் கோட்டை விட்டவர்கள், அரம் வைத்துப் பூட்டு ராவுகிறவரிடம் வந்து, ‘இது குடியிருப்புப் பகுதி’ என்று கண்டிப்புக் காட்டக் கூடாது. எவ்வளவு புகை, எவ்வளவு சத்தம், எவ்வளவு கழிவு என்று அளந்து பாருங்கள். தொழிலின் பெயரைக் கேட்டு விரட்டாதீர்கள்.

தீ? அதுவும் நியாயமான பயம்தான். கும்பகோணத்தில் 2004-ல் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. ஆகவே தீயணைப்பு வண்டி நுழையத் தெரு வேண்டும், கூரை எரியாததாக இருக்க வேண்டும், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் கழிப்பறையும் காற்றும் வெளிச்சமும் வேண்டும். இதில் சமரசமே கூடாது. ஆனால் பக்கவாட்டில் மூன்றடிச் சந்து விட்டால் இதெல்லாம் வந்துவிடுமா? அந்தச் சந்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் வீட்டிலேயே எட்டிப் பாருங்கள். உடைந்த வாளியும் எலியும்தான்.

அமெரிக்காவில் 1926-ல் ஒரு வழக்கு. தனி வீடுகள் இருக்கிற பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்பது ஒட்டுண்ணி மாதிரி என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே எழுதியது. மண்டல விதிகளுக்கு அங்கே பெரிய பலம் கொடுத்த தீர்ப்பு அதுதான். மனைக்கு ஒரு வீடு, அதுவும் பெரிய மனை என்று விதி செய்தால், ‘கறுப்பர் வரக் கூடாது’ என்று தனியாக எழுத வேண்டியதில்லை. விலையே வாசலில் காவல் நிற்கும். அப்புறம் வாடகை எகிறி, நடுத்தரக் குடும்பங்களே திண்டாட ஆரம்பித்ததும் கண் திறந்தது. மினியாபொலிஸ் நகர மன்றம், 2018-ல், தனி வீடு மட்டுமே கட்டலாம் என்றிருந்த மனைகளில் மூன்று குடித்தனம்வரை கட்டலாம் என்று மாற்றியது. நம்மூர் வளவு வீட்டுக்கு அவர்கள் இப்போதுதான் வந்து சேர்கிறார்கள். நாமோ அவர்கள் விட்டுவிட்டு வருகிற இடத்துக்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். நம்மூரில் அந்தக் காவல்காரன் என்ன பெயர் கேட்பான் என்று நான் சொல்ல வேண்டுமா? ‘சாதி என்ன’ என்று வாய்விட்டுக் கேட்டால் வழக்குப் போடலாம். ‘குறைந்தது மூணு சென்ட்’ என்று கேட்டால் யார்மேல் வழக்குப் போடுவீர்கள்?

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனிலேயே அனுமதி. நல்ல காரியம். ஆனால் பட்டாவும் அங்கீகாரமும் கையில் இருக்கிறவருக்குத்தான் அது சுலபம். கதவை அகலமாகத் திறந்துவிட்டோம். வெளியே நிற்பவர் ஏறிவரப் படி வைக்கவில்லை.

என்ன செய்யலாம்? மூன்றே விஷயம். ஒன்று, ‘தொடர் கட்டடப் பகுதி’ என்று விதிப் புத்தகத்திலேயே ஒன்று உண்டு. அங்கே பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டலாம். நகருக்குள் சின்ன மனைகள் இருக்கிற தெருக்களையெல்லாம் அதில் சேருங்கள். நம் கணக்கில் 384 சதுர அடி உடனே 480 ஆகும். இரண்டு, வளவு வீட்டையும் பட்டறை வீட்டையும் ஒரு வகையாக விதியில் பெயர் சொல்லி எழுதுங்கள். கழிப்பறை, தண்ணீர், தீ பாதுகாப்பு இவற்றில் கறாராக இருங்கள், மற்றதில் தளருங்கள். மூன்று, நில உபயோக வரைபடத்தைத் தமிழில் ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் மாட்டுங்கள். தன் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒருவருக்கு இடிக்க வரும்போதுதான் தெரிய வேண்டுமா?

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முழுமைத் திட்டம் தயாரானால் ஆட்சேபணை கேட்டு விளம்பரம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் 2022 முதல் உண்டு. அங்கே சாக்கடையையும் தெரு விளக்கையும் பற்றிக் கேட்கிறோம். அடுத்த தடவை இதையும் கேளுங்கள்: எங்கள் தெருவில் சின்ன வீடு கட்டலாமா, கூடாதா? கட்டக் கூடாது என்றால், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், உங்கள் பிள்ளையை ஆட்டோவில் கூட்டிப் போகிறவர், உங்கள் வாசல் பூட்டைச் செய்தவர் எல்லாம் ராத்திரி எங்கே போய்ப் படுக்க வேண்டும் என்பதையும் அந்தச் சபையிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.